நாலாம் பாகத்துக்குக் கைதட்டல்

"இந்தப் படத்தைத் தூக்குங்க சார்." நான் தியேட்டரில் சேர்ந்த அன்றே, வாயில் வரக்கூடாது என்று மேனேஜர் குலசேகர் சொன்ன வார்த்தை. இன்று சொல்லிவிட்டேன். எண்ணூறு சீட்டில் டிக்கெட் வாங்கியவர் ஒருவர்தான். திரையில் ஹீரோ வந்ததும், டிக்கெட் கவுண்டரில் இருக்கும் நானும் கேன்டீன் பவுனக்காவும் கூட்டம் மாதிரித் தெரிய தள்ளித்தள்ளி நின்று கைதட்ட வேண்டும். குலசேகர் அதை வீடியோ எடுத்துப் படக் கம்பெனிக்கு அனுப்புவார்.

"மூணு பாகமும் பிச்சுக்கிட்டு ஓடுச்சு. லீவு வேற. இது ஓடாம எங்க போகும்? தட்டு. வீட்டுக்கே மொத டிகிரிக்காரின்னா கை வலிக்குமோ?"

தட்டினேன். அந்த ஒருவர் திரும்பினார். "நெசமாவே பிடிச்சிருக்காம்மா? எனக்கு மட்டுந்தான் பிடிக்கலையா?"

"எனக்கும் பிடிக்கலைங்க."

குலசேகர் போனை இறக்கினார். "போ, கவுண்டர்ல உக்காரு."

கவுண்டரைத் தாண்டி ரோட்டுக்கே நடந்தேன். கத்திரி வெயிலிலும் அவ்வளவு ஜனம். ஒருத்தர்கூடத் தியேட்டர் பக்கம் பார்க்கவில்லை.