மூன்று மூலை வகுப்பு

பன்னிரண்டு கருத்துப் படிவங்களில் பதினொன்றில் பத்துக்குப் பத்து. பன்னிரண்டாவதில் மூன்று.

பயிற்றுநர் அந்தத் தாளை மட்டும் தனியே உருவித் தலைமையாசிரியரின் மேஜைமேல் வைத்தார்.

“யார் சார் இது?”

தலைமையாசிரியர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். “கையெழுத்தைப் பார்த்தா நம்ம மூணாங்கிளாஸ் டீச்சர்.”

“காரணம்னு என்ன எழுதியிருக்காங்க, படிங்க.”

“‘என் வகுப்பறைக்கு மூன்று மூலைதான்.’”

படித்துவிட்டுத் தலைமையாசிரியர் சிரித்தார். பயிற்றுநர் சிரிக்காததால் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

பயிற்றுநருடைய திட்டத்தின் பெயரே நான்கு மூலைத் திட்டம். படிக்க ஒரு மூலை, எழுத ஒன்று, கைவேலைக்கு ஒன்று, பேச ஒன்று. இரண்டு மாதத்துக்கு முன்னால் இதே பள்ளியில் ஒரு நாள் முழுக்கத் தொண்டை வற்றச் சொல்லிக்கொடுத்து, ஆசிரியர்களுக்கு ஆளுக்கொரு கட்டு வண்ண அட்டையும் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். வகுப்பில் அது எவ்வளவு பயன்பட்டது என்று ஆசிரியர்களிடம் மார்க் போட்டு வாங்கத்தான் இன்று வந்திருக்கிறார்.

“நக்கலுக்கும் ஒரு அளவு இருக்கு சார். உலகத்துல எந்த ரூமுக்கு மூணு மூலை?”

“கொஞ்சம் வெடுக்குனு பேசுவாங்க. மத்தபடி மனசுல ஒண்ணும் இருக்காது.”

“இருக்கட்டும். ஒத்துழைக்காதவங்க பேரை நான் மேல அனுப்பணும். லீவுல பத்து நாள் முகாம். அங்கயே தங்கிப் படிக்கட்டும்.” சொல்லிக்கொண்டே அறிக்கையில் டீச்சரின் பெயரை எழுதினார்.

“ஐயையோ, வேணாம் சார். அந்த லீவுலதான் அவங்க மகளுக்குப் பிரசவம்.”

“இதை எழுதறப்பவே அதை யோசிச்சிருக்கணும்.”

கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் நேரிலேயே நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்று கிளம்பினார்.

மூன்றாம் வகுப்பு மாடிப்படிக்குக் கீழே இருந்தது. உள்ளே காலை வைத்து இரண்டு எட்டு நடந்திருப்பார்.

“வாங்க சார். தலை, தலை!”

அதற்குள் இடித்துக்கொண்டார். பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

படிக்கட்டு அறைக்குள் சரிந்து இறங்கி நான்காவது மூலையை அப்படியே விழுங்கியிருந்தது.

“தினம் ஒருத்தராவது இடிச்சுக்குவாங்க சார். அதான் அந்தப் பக்கம் யாரையும் உக்கார வைக்கறதில்ல.”

மற்ற மூன்று மூலைகளிலும் அவர் கொடுத்த அட்டைகள் தொங்கின. ஓரம் நைந்து, ஒட்டுப் போட்டு, கை பட்டுக் கறுத்திருந்தன. அறை நடுவில் சாக்பீஸால் ஒரு வட்டம். அழித்து அழித்துப் போட்ட தடம்.

“இது என்ன டீச்சர்?”

“அதுதான் நாலாவது மூலை.”

பயிற்றுநர் வட்டத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“முதல்ல வராந்தாவுல வச்சேன். மழை பேஞ்சு சிவப்பு அட்டை கரைஞ்சுபோச்சு. அப்புறம் வாசப்படியில வச்சேன். போறவங்க வர்றவங்க எல்லாம் மிதிச்சுட்டுப் போனாங்க. நடுவுல வச்சா, நாங்களும் நடுவுக்குத்தான் வருவோம்னு மத்த மூணு குழுவும் ஒரே அடிதடி.”

“என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?”

“பயிற்சியன்னிக்கே கை தூக்கினேன் சார். சந்தேகமெல்லாம் கடைசியிலன்னு சொன்னீங்க. கடைசியில குரூப் போட்டோ எடுத்தாங்க.”

பயிற்றுநர் நெற்றியைத் தடவிக்கொண்டார்.

“அதுக்காக மூணு மார்க்கா?”

“மூணு மூலை நல்லா நடக்குது. மூலைக்கு ஒண்ணு.” டீச்சர் குரலைத் தாழ்த்தினார். “பத்து போட்டிருந்தா நீங்க இந்தப் பக்கம் வந்திருப்பீங்களா சார்?”

பயிற்றுநர் கால்சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு வட்டத்துக்குள் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

“இங்க எந்தக் குழு?”

“பேசற குழு.”

கொஞ்ச நேரம் மூலை மூலையாகப் பார்த்தார். பிறகு, “பேசறவங்களுக்கு எதுக்கு டீச்சர் மூலை?” என்றார். “நடந்துக்கிட்டே பேசட்டும். ஒவ்வொரு மூலைக்கும் போய், நீங்க என்ன செய்யறீங்கன்னு கேட்டுக்கிட்டு வந்து சொல்லட்டும்.”

சொல்லி முடிப்பதற்குள் எட்டுப் பேர் எழுந்துவிட்டார்கள். இரட்டைப் பின்னல் போட்ட ஒரு சிறுமி படிக்கிற குழுவின் முன்னால் இடுப்பில் கை வைத்து நின்று, “என்ன படிக்கறீங்க? சத்தமாச் சொல்லுங்க” என்று அதட்டினாள்.

“இவ இந்த வருஷம் வாயைத் திறந்ததே இல்ல சார்” என்றார் டீச்சர்.

மணி அடித்தும் யாரும் அசையவில்லை.

“இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமே சார். பத்தே போட்டிருப்பேன்.”

“அன்னிக்கு எனக்கே தெரியாது டீச்சர்.”

தலைமையாசிரியரின் அறைக்குத் திரும்பியதும் அறிக்கையை எடுத்து, எழுதியிருந்த பெயரை அடித்தார். ஒன்றுக்கு இரண்டு முறை அடித்தார்.

தலைமையாசிரியருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. “ரொம்ப சந்தோஷம் சார்.”

“அந்த டீச்சருக்கு ஒரு சிவப்பு அட்டை வேணும் சார். வேற யார்கிட்டயாவது கூடுதலா இருக்குமா?”

“அதுக்கென்ன சார்!” தலைமையாசிரியர் உற்சாகமாக எழுந்துபோய் பீரோவைத் திறந்தார். உள்ளே கட்டுகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றின் மேலும் ஓர் ஆசிரியரின் பெயர்.

“எத்தனை வேணும்னாலும் எடுத்துக்குங்க சார். பதினோரு கட்டும் பத்திரமா இருக்கு. ஒண்ணைக்கூட இன்னும் பிரிக்கல.”