ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும்

“அக்கா, அந்தக் கட்டுரை திறக்கவே மாட்டேங்குது! மத்தியானம் எனக்கு வைவா. என் பிஎச்.டி.யே போயிடும்!”

ஓடி வந்த ஆராய்ச்சி மாணவிக்கு மூச்சு வாங்கியது. நூலகர் அவளுடைய கணினியை எட்டிப் பார்த்தார். ‘வேறொருவர் படித்துக்கொண்டிருக்கிறார், காத்திருக்கவும்’ என்றது திரை.

“பதிப்பகத்தோட ஒப்பந்தம் அப்படிம்மா. இந்த இதழை ஒரு நேரத்துல ஒருத்தர்தான் படிக்கலாம். அதுவும் நம்ம நூலகத்துக்குள்ள உட்கார்ந்து.”

“டவுன்லோட் பண்ணிக்கிட்டா?”

“கூடாது.”

“ஒரு பிரிண்ட்?”

“மூச்! சந்தா கட்டுறது நாம, கதவைச் சாத்துறது அவங்க. அந்த ஒரு கட்டுரை இல்லேன்னா குடியா முழுகிடும்?”

“முழுகிடும்க்கா! அதை எழுதின பேராசிரியர்தான் இன்னிக்கு வெளியிலேர்ந்து என்னைக் கேள்வி கேட்க வர்றார். முதல் கேள்வியே அதுலதான் வரும்னு எங்க கைடு சொல்லிட்டார்.”

“அப்போ உன் ஆய்வேட்டுல அதைச் சேர்த்திருப்பியே?”

“பக்கத்துக்குப் பக்கம் சேர்த்திருக்கேன்.” அவள் குரல் இறங்கியது. “ஆனா படிச்சதில்லை. எல்லாரும் மேற்கோள் காட்டியிருந்தாங்க, நானும் ஊரோட ஒத்துப் போயிட்டேன்.”

நூலகருக்குச் சிரிப்பு வந்தது. பாவமாகவும் இருந்தது. “வா, யாருன்னு போய்ப் பார்ப்போம்” என்று எழுந்தார்.

கணினி வரிசையில் ஒருவர் செருப்பு விலை பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்தவர் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கினார். அறிவுப் பசி யாருக்கும் இருந்ததாகத் தெரியவில்லை. கடைசியில், அலமாரிக்குப் பின்னால், முன்பின் பார்த்திராத ஒரு பெரியவர் திரையில் மூக்கு இடிக்கிற மாதிரி குனிந்து குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார். அதே கட்டுரை!

“சார், கொஞ்சம் விட்டுக் கொடுங்களேன். ரொம்ப அவசரம்.”

“எனக்கும் அவசரம்தாம்மா. முடிவுரை இன்னும் பாக்கி. எங்க காலேஜ்ல இந்த இதழையே நிறுத்திட்டாங்க, இங்கே விட்டா வேற வழியில்லை.”

“எனக்கு வாழ்க்கைப் பிரச்சினை சார்! இதை எழுதினவர் எதிர்ல உட்கார்ந்து, ‘என் முடிவைப் பத்தி என்ன நினைக்கிறே’ன்னு கேட்டா நான் எங்கே போய் முட்டிக்கிறது?”

பெரியவரின் பேனா நின்றது. முகம் வெளிறிவிட்டது.

“இந்தக் கட்டுரையைப் பக்கத்துக்குப் பக்கம் புகழ்ந்திருக்கிற பொண்ணு... நீதானா?”

“ஆமா சார். நீங்க...?”

அவர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, பக்கத்து நாற்காலியை அவசரமாக இழுத்துப் போட்டார்.

“உட்காரும்மா, சேர்ந்தே படிச்சிடுவோம். எழுதினதெல்லாம் என் மாணவன், பேர் மட்டும்தான் என்னுது. இதுல நீ எதாவது சந்தேகம் கேட்டுட்டா என்ன பண்றதுன்னு எனக்கு நேத்துலேர்ந்து சோறே இறங்கலை!”