அவருக்கென்றே ஓர் அளவு

"உங்க உடம்பு சாதாரண உடம்பு இல்ல. போடற மருந்தையெல்லாம் தின்னு தீர்த்துடுது" என்றபடி டாக்டர் கம்ப்யூட்டர் திரையை பஸ் டிரைவரின் பக்கம் திருப்பினார்.

திரையில் ஒரு கோடு தரையோடு தரையாகப் போய்க்கொண்டிருந்தது. டிரைவரின் ரத்தத்தில் தங்கியிருக்கும் மருந்தின் அளவு அது. பரம்பரை, எடை, தூக்கம் என்று அவரைப் பற்றிய சகலத்தையும் வாங்கிக்கொண்டு அவருக்கென்றே அளவு போட்டுக் கொடுத்த கம்ப்யூட்டர், ஒவ்வொரு ரத்தப் பரிசோதனைக்குப் பிறகும் தன் கணக்கைத் திருத்திக்கொண்டே வந்தது. திருத்தம் எப்போதும் மேல்நோக்கித்தான்.

"வேளை தவறாம சாப்பிடறீங்கதானே?"

"நான்தான் டாக்டர், என் கையால எடுத்துக் குடுக்கறேன்" என்றாள் மனைவி. டிரைவர் குனிந்து செருப்பைச் சரிசெய்தார்.

"அப்ப கம்ப்யூட்டர் சொல்றபடி இரட்டிப்பாக்கிடலாம். வேற ஆள் இந்த அளவைச் சாப்பிட்டா இதயமே நின்னுடும். உங்களுக்கு ஒண்ணும் ஆகாது."

டிரைவர் தயங்கினார். "என் தம்பிக்கும் இதே வியாதிதான். அவனையும் இந்தச் சிகிச்சைல சேர்த்துக்கச் சொல்லிக் கேட்டிருந்தேனே டாக்டர்."

"அவர் விவரத்தையும் போட்டுப் பார்த்தாச்சு. இந்த மருந்து அவருக்குக் கேக்காதுன்னு கம்ப்யூட்டர் தள்ளிடுச்சு. இருக்கறதே கொஞ்சம். கேக்காதவங்களுக்குக் குடுத்து வீணாக்க முடியாது."

டிரைவர் புது மாத்திரைகளை வாங்கிக்கொண்டு மனைவியோடு கிளம்பிப் போனார்.

அடுத்த பரிசோதனையில் கோடு நிமிர்ந்து, நிற்க வேண்டிய இடத்தில் நின்றது. டாக்டர் அதை ஒரு மருத்துவர் கூட்டத்தில் போட்டுக் காட்டினார். எல்லோரும் கைதட்டினார்கள்.

சில வாரம் கழித்து ஒரு காலையில் டிரைவரின் மனைவி போன் செய்தாள்.

"டாக்டர், அவர் எழுந்திருக்க மாட்டேங்கறார். கை கால் சில்லுன்னு கிடக்கு."

டாக்டர் நாற்காலியை விட்டு எழுந்தார். "ஆம்புலன்ஸ் அனுப்பறேன். மாத்திரை எதாவது கூடுதலாச் சாப்பிட்டாரா?"

"இல்ல டாக்டர். நீங்க எழுதின அளவுதான். ஒண்ணுகூட அதிகமில்ல."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்கம்மா. வீட்டுல புதுசா என்ன நடந்தது?"



"முந்தாநேத்து அவர் தம்பி தவறிட்டார். இனிமே தம்பியோட பாதியையும் நீங்களே சாப்பிடுங்கன்னு நான்தான் டாக்டர், எடுத்துக் குடுத்தேன்."