பெயர்நாள் இனிப்பு

"அந்த ஆளு என் வயித்துல கத்தி வைக்கவே கூடாது அண்ணி. முடிவு பண்ணிட்டேன்!"

ஆஸ்பத்திரி வாசலில் தெக்லா போட்ட சத்தத்தில் டாக்ஸிக்காரர் ஒருவர் திரும்பிப் பார்த்தார். மிர்தோ நாத்தனாரின் கையைப் பிடித்து, எதிரே கடலோரத்தில் இருந்த காபிக் கடைக்கு மெல்ல நடத்திப் போனாள். கைப்பிடி இல்லாத நாற்காலியாகப் பார்த்து இழுத்துப் போட்டாள். உட்கார்ந்த பிறகும் தெக்லாவுக்கு மூச்சு அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது.

தெக்லாவுக்கு உடம்பு பெரிது. வாய் அதைவிடப் பெரிது. கிரீஸின் தெசலோனிகி நகரச் சந்தையில் அவளிடம் பேரம் பேசி ஜெயித்தவர்கள் கிடையாது. ஆனால் இதய டாக்டரிடம் அந்தப் பேரம் செல்லவில்லை. இரைப்பையைச் சிறிதாக்கும் ஆபரேஷனை இனியும் தள்ளிப்போட முடியாது என்று கறாராகச் சொல்லிவிட்டார். இவளைப் போலவே பருமனாக இருந்த அம்மா செத்துப்போன வயது, அடுத்த வருஷம் இவளுக்கு வருகிறது. கலஃபாதிஸ், செர்வாஸ் என்ற இரண்டு சர்ஜன்களில் யார் என்பது மட்டும்தான் பாக்கி.

அதற்குத் தெக்லா தானாகவே ஒரு பரீட்சை கண்டுபிடித்தாள். தன் பெயர்கொண்ட புனிதரின் திருநாளான பெயர்நாளன்றே இரண்டு சர்ஜன்களிடமும் நேரம் வாங்கினாள். பாகில் ஊறிய பால் பலகாரம் ஒரு டப்பா நிறையச் செய்து எடுத்துக்கொண்டாள். பெயர்நாள்காரி நீட்டும் இனிப்பை அந்த ஊரில் யாரும் வேண்டாமென்று சொல்ல மாட்டார்கள். ரசித்துச் சாப்பிடத் தெரியாதவனிடம் வயிற்றைக் கொடுப்பதில்லை என்பது அவள் கட்சி.

கடைப் பையன் காபியும், வழக்கம்போல ஆளுக்கொரு கிளாஸ் குளிர்ந்த தண்ணீரும் கொண்டுவந்து வைத்தான். தெக்லா டப்பாவைத் திறந்து அவனுக்கும் ஒரு துண்டு கொடுத்து வாழ்த்து வாங்கிக்கொண்டாள். அண்ணிக்கு ஒன்றைத் தட்டில் வைத்தாள்.

"நீங்களாவது முழுசா முடிங்க. எங்க வீட்டுக்கு வந்த நாள்லேருந்து தட்டுல மிச்சம் வைக்கிறீங்க. 'ஏதென்ஸ்காரிக்கு என் சமையல் ஆகலடீ'ன்னு சொல்லிச் சொல்லியே எங்கம்மா போய்ச் சேந்தா."

மிர்தோ சிரித்துக்கொண்டே முள்கரண்டியை எடுத்தாள். "அதை விடு. டாக்டர் கதைக்கு வா."

"கதை என்ன கதை? கலஃபாதிஸைப் பாத்தீங்கல்ல? மூணு துண்டு! விரலை நக்கிட்டு, 'இதுல எலுமிச்சைத் தோல் போட்டீங்களா?'ன்னு கேட்டாரு. அவரு மனுஷன்!"

"மனுஷன்தான். ஆபரேஷனைப் பத்தி என்ன சொன்னாரு?"

"பல்லு புடுங்கற மாதிரிதானாம். ரெண்டே நாள்ல வீட்டுக்கு வந்துடலாமாம்."

"அதுக்கப்புறம்?"

"அதான் வீட்டுக்கு வந்துட்டேனே, அப்புறம் என்ன அப்புறம்?"

"செர்வாஸ் என்ன கேட்டாரு?"

"என்ன கேக்கல! போலீஸ்காரன் தோத்தான். அழுகை வந்தா சாப்பிடுவீங்களா, ஒளிச்சு வெச்சுச் சாப்பிடுவீங்களான்னு... சிகரெட்டை விட்டாத்தான் தேதியே குடுப்பாராம். வருஷா வருஷம் அவர்கிட்டயே வந்து காட்டணுமாம். சரி, அதையெல்லாம்கூட மன்னிச்சுடுவேன். ஆனா என் பலகாரத்தை என்ன பண்ணாரு? நுனியில இத்துணூண்டு கிள்ளி ரெண்டே வாய். அதையும் மாடு அசை போடற மாதிரி மென்னுக்கிட்டே இருந்தாரு. தட்டை அந்தாண்ட நகத்தி வெச்சாரு. நர்ஸ் கொண்டுவந்த தண்ணியைக்கூடத் தொடல. இனிப்பு தின்னுட்டுத் தண்ணி குடிக்காத கிரேக்கன் எங்கயாவது உண்டா? குண்டச்சி கைபட்டதுன்னு அருவருப்பு, வேற என்ன?"

தெக்லா கடலைப் பார்ப்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பெரிய வாய்க்காரிக்கும் வலிக்கிற இடம் ஒன்று இருக்கத்தான் செய்தது.

"செர்வாஸ்கிட்டயே செஞ்சுக்கோ" என்றாள் மிர்தோ.

"நான் இவ்வளவு நேரம் என்ன சொல்லிக்கிட்டிருக்கேன்?"

"அது அருவருப்பு இல்ல தெக்லா. அவர் வயித்துல இடம் இல்ல. அவரும் இந்த ஆபரேஷனைச் செஞ்சுக்கிட்டவர். அவங்க அப்படித்தான் சாப்பிடுவாங்க. ஒவ்வொரு வாயையும் கூழாகிற வரைக்கும் மெல்லணும். சாப்பிடறப்போ தண்ணி தொடக்கூடாது. பாகு கொஞ்சம் அதிகமாப் போனாலும் வேர்த்துக் கொட்டி நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கும். அது தெரிஞ்சும், உன் பெயர்நாள்ல உன் மனசு நோகக் கூடாதுன்னு ரெண்டு வாய் சாப்பிட்டாரே! அவர் கையில உன் உசுரைத் தைரியமாக் குடுக்கலாம்."

தெக்லா கண்ணைத் துடைத்துக்கொண்டு இடுப்பில் கை வைத்தாள். "ஆகா! குச்சி மாதிரி இருந்துக்கிட்டு எனக்கு ஆபரேஷன் பாடம் எடுக்கறீங்களா? இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும்?"

மிர்தோ முள்கரண்டியால் ஒரு துணுக்கை எடுத்து வாயில் வைத்து, வெகுநேரம் மென்றாள்.

தெக்லாவின் பார்வை மேசைக்கு இறங்கியது. அண்ணியின் தட்டில் பலகாரத்தின் நுனி மட்டும் இத்துணூண்டு குறைந்திருந்தது. தண்ணீர் கிளாஸ் மேசையின் ஓரத்துக்கு நகர்த்தப்பட்டு, நிரம்பியபடியே இருந்தது.

"கல்யாணத்துக்கு முன்னால நான் உன்னைவிடப் பெரிசு, தெக்லா" என்றாள் மிர்தோ. "உன் அண்ணனுக்கு மட்டும்தான் தெரியும்."