அளக்காமல் விட இருந்த அறை

கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா, வீட்டு வரி ஏறிய வருஷத்துக் கதை ஒன்று சொல்கிறேன்.

அளவு நாடாவோடு வந்த நகராட்சி அதிகாரியை வீட்டுக்காரர் மாடிப்படியிலேயே மறித்தார்.

"மேல ஒண்ணுமில்ல சார். பழைய சாமான் போடற ஷெட்டு."

அதிகாரி அதை எழுதிக்கொண்டிருக்கும்போதே, மாடியில் இருக்கும் அவருடைய தையல்காரத் தங்கை இறங்கி வந்தாள்.

"ஷெட்டு இல்ல சார், ரூம். சமையல் மேடை இருக்கு, பாத்ரூம் இருக்கு. வந்து அளந்துக்கோங்க."

அண்ணனுக்கு முகம் சிவந்துவிட்டது. "உனக்கென்ன கிறுக்கா? தெருவே மறைக்குது, நீ மட்டும் வரியக் கூப்பிட்டு மடியில கட்டிக்கற!"

"கட்டிக்கறேன்."

அதிகாரி மேலே போய் அளந்து முடித்தார். "வரி நல்லாக் கூடிடும்மா. தெரிஞ்சுதான் சொல்றியா?"

"தெரியும் சார். கூடறத என் பேர்ல தனியாப் போடுங்க." தையல் மிஷின் இழுப்பறையிலிருந்து செங்கல், சிமெண்ட் ரசீதுகளை எடுத்து நீட்டினாள். எல்லாம் அவள் பேரில் இருந்தன.

"பத்து வருஷம் தைச்சு நான் கட்டின ரூம் இது. அண்ணன் வீட்டை விக்க ஆள் பார்த்துட்டாரு. உங்க புத்தகத்துல ஷெட்டுன்னு ஏறிட்டா, அந்தப் பழைய சாமான் நான்தானே சார்?"

அதிகாரி எழுதியிருந்ததை அடித்தார்.

"உங்க பேரைச் சொல்லுங்கம்மா."

உங்கள் வீட்டிலும் உழைத்த கைக்கெல்லாம் நிழல் கிடைக்கட்டும், எல்லோரும் நன்றாக இருங்கள்.