மருதாணி நிற முடிகள்

கணவர் அன்வர் இறந்த பிறகுதான் சபீனா கரையான்சாவடியில் இந்த அடுக்ககத்துக்குக் குடிவந்தாள். பொழுது போகாமல் பழைய வாக்குவம் கிளீனர்களைச் சேர்க்க ஆரம்பித்தாள். பதினைந்தாவதைக் குமணன்சாவடி காயலான் கடையில் வாங்கினாள்.

"அறுவது வருசத்து மிஷினு, அக்கா. இன்னும் ஓடிக்கினு கீது," என்றார் கடைக்காரர்.

அதன் துணிப்பையைத் துவைத்துக் காயவைத்த பிறகே கூடத்தைச் சுத்தம் செய்தாள். பையை உதறியபோது தூசியோடு மருதாணி ஏறிய தாடி முடிகள் விழுந்தன. மகள் ரேஷ்மா குனிந்து ஒன்றை எடுத்துப் பார்த்தாள்.

"அத்தாவோடதும்மா," என்று அப்பாவை நினைத்து அழுதாள்.

மறுநாள் இருபது முடிகள் வந்தன. அடுத்த வாரம் ஒன்பது, பிறகு நான்கு. போன வெள்ளிக்கிழமை ஒன்றே ஒன்று. அதற்கப்புறம் எதுவும் வரவில்லை.

இன்று காலை சபீனா, பொட்டலம் கட்டிவைத்திருந்த முடிகளையெல்லாம் தரையில் கொட்டினாள்.

"வேணாம்மா, இருக்கறதும் போயிடும்," என்றாள் ரேஷ்மா.

"இதக் காட்டுனா இன்னும் வரும்டி."

மிஷினை ஓட்டினாள். தரையில் ஒரு முடிகூட மிஞ்சவில்லை. இருவரும் உட்கார்ந்து பையைப் பிரித்தார்கள். உள்ளே தூசி மட்டும் இருந்தது.