சட்டை லேபிள்

"நீ பிள்ளையை வளர்க்கிறியா, பிடிவாதத்தை வளர்க்கிறியா?" என்று கணவன் கத்தினான்.

அவள் கட்டிலில் உட்கார்ந்து, புதுச் சட்டையின் கழுத்தில் தைத்திருந்த லேபிளைச் சின்னக் கத்தரியால் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"யூனிபார்ம் வேணாம்மா, குத்துது!" கட்டிலுக்கடியிலிருந்து நான்கு வயது மகள் அலறினாள்.

"முள்ளு வெச்சா தெச்சிருக்கு? எல்லாப் பிள்ளைங்களும் போடல? சுத்த நடிப்பு! ரெண்டு போட்டா சரியாயிடும்." குனிந்து மகளின் காலைப் பிடித்து இழுத்தான்.

"கையை எடுங்க!" அப்படி அவள் கத்தியதே இல்லை. "டாக்டர்கிட்ட காட்டணும்னு எத்தனை தடவை சொன்னேன்? அவளுக்குத் தையல்கூடக் குத்துது. நிஜமாவே வலிக்குது."

"நீ இப்படி உட்கார்ந்து வெட்டிக் கொடுக்கிறதாலதான் அவ கெட்டுப்போறா!"

"அவளோடதுல நேத்தே பிரிச்சிட்டேன். இது யார் சட்டைன்னு பாருங்க."

அவள் விரித்துக் காட்டினாள். அவன் ஆபீசுக்குப் போட்டுப் போகவேண்டிய முழுக்கைச் சட்டை.

"கல்யாணம் ஆனதிலேர்ந்து உங்களுக்கு வெட்டிட்டிருக்கேன். 'உயிர் போகுது, சீக்கிரம் பிரி'ன்னு குதிக்கிறீங்களே, அதுவும் நடிப்பா? உங்களுக்கும் ரெண்டு போடட்டுமா?"

மகளின் காலை விட்டான். மனைவி நீட்டிய சட்டையைக்கூட வாங்காமல், பனியனோடேயே வெளியே போனான்.